நாளங்களின் நூற்றாண்டு

உண்ட உணவு எவ்வாறு இரத்தமாகிறது என்ற கேள்விக்கு ஐரோப்பிய வைத்தியர்கள் ஏறக்குறைய 1,400 ஆண்டுகள் ஒரே விடையைத்தான் சொல்லிவந்தார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்னும் கிரேக்க வைத்தியர் வகுத்த சித்தாந்தத்தின்படி, குடலில் பக்குவமான அன்னரசம் சிரைகளின் வழியே கல்லீரலை அடைந்து, அங்கே இரத்தமாக மாறி, அங்கிருந்து அவயவங்களுக்கெல்லாம் சென்று செலவழிந்துபோகும். கண்ணீரும் சளியும் மூளையிலிருந்து கசிவன. சுரப்பிகளோ, குழாய்களுக்கு அணைவாக இருந்துகொண்டு மிகுதியான ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் சதைத் திரள்கள் என்பதற்குமேல் மதிப்பற்றவை. இவ்வளவு காலம் பண்டிதர்கள் கட்டிக் காத்த இந்த மாளிகையை எந்தத் தர்க்க வாதமும் அசைத்துவிடவில்லை. பதினேழாம் நூற்றாண்டில், 1622 முதல் 1662 வரை சென்ற நாற்பது ஆண்டுகளில், கண்ணுக்கு எளிதில் அகப்படாத சில நாளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டன. அவையே அதன் அஸ்திவாரத்தைப் பறித்தன.

வட இத்தாலியில் பாவியா சர்வகலாசாலையில் ஆசிரியராக இருந்த காஸ்பரோ அசெல்லி, 1622-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் தேதி, நண்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டதற்கு இணங்கி, குரல்வளைக்குச் செல்லும் நரம்புகளையும் உதரவிதானத்தின் அசைவையும் காட்டுவதற்காக உயிருள்ள நாய் ஒன்றைக் கீறினார். குடலைத் தாங்கி நிற்கும் சவ்வின்மேல் வெண்ணிற இழைகள் எங்கும் படர்ந்திருப்பதைக் கண்டு, அவையும் நரம்புகளே என்று முதலில் எண்ணியவர், சந்தேகம் தீராமல் பெரிய இழை ஒன்றைக் கத்தியால் கீறியபோது, பாலைப்போன்ற திரவம் பீறிட்டு வந்தது. நாய் இறந்ததும் இழைகள் மறைந்தன. வேறொரு நாயை அறுத்துப் பார்த்தபோது அவை தென்படவே இல்லை. முதல் நாய் வயிறு நிறைய உண்டிருந்தது, மற்றது பட்டினி கிடந்தது என்ற வித்தியாசம் அப்போதுதான் அவருக்குப் புலப்பட்டது. மூன்றாவது நாய்க்கு நன்றாக உணவிட்டுப் பின்னர் வயிற்றைத் திறக்க, வெண்ணிழைகள் மறுபடியும் பிரத்தியட்சமாயின. மயக்க மருந்து அறியாத அந்தக் காலத்தில் இந்தப் பிராணிகள் பட்ட வேதனையை நினைத்துப் பரிதாபப்படாமல் இந்தச் சரித்திரத்தைப் படிக்க இயலாது; ஆயினும், ஒரு தோல்விக்குக் காரணம் தேடி, அந்தக் காரணத்தையே மூன்றாம் முறை சோதித்துத் தெளிந்த அசெல்லியின் முறை, சாஸ்திர ஆராய்ச்சிக்கு உத்தமமான உதாரணம் என்பதையும் மறுக்க இயலாது.

அசெல்லி 1625-இல் காலமானார். இரண்டு ஆண்டுகள் கழித்து மிலான் நகரில் வெளிவந்த அவருடைய கிரந்தத்தில், அந்த நாளங்கள் வண்ணத்தில் அச்சிடப்பட்ட பெரிய படங்களாக இடம்பெற்றன. கண்டது புதிதாயினும் அவர் கருதியது பழையதே. இந்தப் பால் நாளங்கள் எங்கே போய்ச் சேருகின்றன என்பதைக் கடைசிவரை பின்தொடர்ந்து பாராமல், அன்னரசம் சேருமிடம் கல்லீரல் என்று கேலன் சொல்லியிருந்தபடியால், அங்கேதான் சேரவேண்டும் என்று அநுமானித்து நின்றுவிட்டார். அடுத்த ஆண்டே, 1628-இல், இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி இரத்தம் இதயத்தால் உந்தப்பட்டு உடலைச் சுற்றி வருகிறது என்பதை நிலைநாட்டினார். ஆனால் அத்தகைய ஹார்விகூட அசெல்லியின் நாளங்களுக்கு உரிய முக்கியத்துவத்தை ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை. மகத்தான ஒன்றைக் கண்டவர் பிறர் கண்டதையும் காண்பார் என்ற நியதி இல்லை.

அசெல்லி நின்ற இடத்திலிருந்து மேலே நடந்தவர் ழான் பெக்கே என்ற பிரெஞ்சு இளைஞர். ஒரு நாயின் இதயத்தை வெட்டி எடுத்துவிட்டு உள்ளே நோக்கியபோது, பெருஞ்சிரையின் வாயில் இரத்தத்தோடு வெண்மையான திரவம் கலந்து வருவதைக் கண்டு, சீழோ என்று முதலில் ஐயுற்றார். அது வந்த வழியே பின்னோக்கிச் சென்றவருக்கு, முதுகெலும்பை ஒட்டி வயிற்றிலிருந்து மார்பின் வழியாக மேலேறி, காறை எலும்பின் அடியில் ஓடும் சிரையில் சென்று கலக்கும் ஒரு நாளம் தென்பட்டது. குடலிலிருந்து புறப்பட்ட பால் நாளங்கள் கல்லீரலைத் தொடாமலே, இந்த மார்பு நாளத்தின் அடியில் இருந்த ஒரு பையில் கூடி, அதன் வழியே இரத்தத்தில் சேர்ந்துகொண்டிருந்தன. பெக்கே தம் நூலை 1651-இல் பாரிஸில் வெளியிட்டார். இதே நாளத்தை இத்தாலியரான எயுஸ்தாக்கி 1564-இல் ஒரு குதிரையின் மார்பில் கண்டு எழுதிவைத்திருந்தார். ஆனால் அது எதை, எங்கிருந்து, எங்கே கொண்டுசெல்கிறது என்று கேளாததால், அந்தக் குறிப்பு ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஏட்டிலேயே உறங்கிக் கிடந்தது.

பெக்கேயின் நூல் வெளிவந்த மறு ஆண்டே, கோபன்ஹேகனில் தாமஸ் பார்த்தோலின் மனித உடலிலும் மார்பு நாளம் உண்டு என்று காட்டினார். ஸ்வீடனில் ஊலோவ் ருட்பெக் என்ற மாணவர், நிணநீர் செல்லும் தனி நாளங்களைக் கண்டு, 1652-இல் உப்சாலாவில் கிறிஸ்தினா ராணியின் முன்னிலையிலேயே அவற்றைக் காட்டி விளக்கினார். நிணநீர் நாளங்களைக் குறித்து முதலில் நூல் வெளியிட்டவர் பார்த்தோலின் ஆகையால், முதலில் கண்டவர் யார் என்ற வழக்கு இரு தேசத்தாருக்கும் இடையே நெடுங்காலம் நடந்தது. பார்த்தோலினோ இதற்கிடையில், இரத்தத்தை உண்டாக்கும் பதவியை இழந்துவிட்ட கல்லீரலுக்கு ஒரு கல்லறை வாசகம் எழுதி 1653-இல் வெளியிட்டு, பழைய சித்தாந்தத்திற்குச் சிரித்த முகத்தோடு உத்தரகிரியை செய்து முடித்தார்.

அன்னரசத்தின் பாதை இவ்வாறு தெளிவாகிக்கொண்டிருந்த காலத்திலேயே, சுரப்பிகளைப் பற்றிய வேறொரு சரித்திரமும் ஆரம்பமாகியிருந்தது. பாதுவா நகரத்தில் ஜெர்மானியரான யோஹான் கியோர்க் விர்சுங், 1642-ஆம் ஆண்டு மார்ச் மாதம், மரண தண்டனை பெற்ற ஒருவனுடைய சவத்தை அறுத்துப் பரிசோதித்தபோது, கணையத்தின் நடுவே நீள ஓடிக் குடலில் திறக்கும் ஒரு நாளத்தைக் கண்டார். அவர் நூல் எழுதவில்லை. செப்புத் தகட்டில் அந்த நாளத்தின் உருவத்தைச் செதுக்கச் செய்து, பிரதிகள் எடுத்து, ஐரோப்பாவின் பெரிய உடற்கூற்றறிஞர்களுக்கு அனுப்பினார். அவர்களுள் ஒருவராகிய, பாரிஸில் இருந்த ரியோலானுக்கு 1643-இல் எழுதிய கடிதத்தில், இதில் ஒருபோதும் இரத்தத்தைக் காணவில்லை, கலங்கிய ஒரு சாறுதான் இருக்கிறது, உள்ளே விட்ட வெள்ளிச் சலாகையை அது கறைப்படுத்துகிறது, இதனைத் தமனி என்பதா, சிரை என்பதா, இதன் தொழில்தான் என்ன என்று வினவினார். கண்டுபிடித்தவரே தாம் கண்டது இன்னதென்று தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, உலகத்தின் முன் கேள்வியாக வைத்த இந்த நேர்மை, புகழுக்காக ஒருவரோடொருவர் மோதிய அந்த நூற்றாண்டில் அபூர்வமானது. விடை வருமுன், அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஓர் இரவு, தம் வீட்டு வாசலில் விர்சுங் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மாணவராக இருந்த ஹோஃப்மன், அந்த நாளத்தை வான்கோழி ஒன்றில் முதலில் கண்டவர் தாமே என்று பிற்காலத்தில் உரிமை கொண்டாடினார்.

லண்டனில் தாமஸ் வார்ட்டன் 1656-இல் சுரப்பிகளைக் குறித்தே ஒரு தனி நூல் எழுதி, கீழ்த்தாடையின் அடியில் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியின் நாளத்தை விவரித்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், பார்த்தோலினின் சிஷ்யரான நீல்ஸ் ஸ்டென்சன் என்ற 22 வயது டேனிஷ் மாணவர், ஆம்ஸ்டர்டாமில் ப்ளாசியஸ் என்ற ஆசிரியரின் வீட்டில் தங்கியிருக்கையில், மூளையைப் பரிசோதிக்க எண்ணி ஓர் ஆட்டுத் தலையை வாங்கிவந்தார். கன்னத்தின் உட்புறத்தில் அகப்பட்ட குழாய் ஒன்றில் சலாகையைச் செலுத்த, அதன் நுனி பல்லில் மோதி ஒலித்தது. காதருகே உள்ள பெரிய உமிழ்நீர்ச் சுரப்பியின் நாளம் அது. ஓடிச் சென்று ஆசிரியரிடம் காட்டியபோது, சலாகையை முரட்டுத்தனமாகச் செலுத்தியதால் உண்டான துவாரம் இது என்றும், இல்லையேல் இயற்கையின் விளையாட்டு என்றும் சொல்லிப் புறக்கணித்த ஆசிரியர், அதன் உண்மை பின்னர் உறுதியானதும், கண்டுபிடித்தவர் தாமே என்று எழுதிவிட்டார். லெய்டன் சர்வகலாசாலையின் பேராசிரியர்கள் மாணவரின் பக்கம் நின்றதால், அந்த நாளம் இன்றுவரை ஸ்டென்சனின் பெயராலேயே வழங்குகிறது.

ஆசிரியரோடு நேர்ந்த இந்த வழக்கினால் விளைந்த நன்மை ஒன்று உண்டு. தம் உரிமையை நிலைநாட்டும் பொருட்டு ஸ்டென்சன் தலையில் உள்ள சுரப்பிகள் ஒவ்வொன்றையும் ஆராய முற்பட்டு, கண்ணீர்ச் சுரப்பியின் நாளங்களையும் கண்டு, 1662-இல் தம் முடிபுகளை வெளியிட்டார். வழியில் போகிறவன் வாய்க்காலில் நீரைக் கண்டால், இது எந்த ஏரியிலிருந்து வருகிறது, எந்த வயலுக்குப் போகிறது என்று கேட்பானல்லவா? ஸ்டென்சன் கேட்டதும் அதுவே. கண்ணீர் மூளையிலிருந்து வழிவதாயின் வழி ஒன்று இருக்கவேண்டும். அவர் கண்ட வழிகளோ சுரப்பியிலிருந்துதான் புறப்பட்டன. ஆகவே கண்ணீர், துயரத்தால் மூளை உகுக்கும் ஈரமன்று. கண்ணை நனைத்துக் காப்பதற்காக ஒரு சுரப்பி இரத்தத்திலிருந்து பிரித்துத் தரும் நீர். வெறும் சதைத் திரள் என்று தள்ளப்பட்ட சுரப்பிக்கு, ஒரு நாளம் இருக்கிறது என்ற ஒரே காரணத்தினால், ஒரு தொழிலும் உண்டு என்பது புலனாயிற்று.

விர்சுங்கின் கேள்வி மட்டும் விடையின்றி நின்றது. லெய்டனில் ரெனியே தெ கிராஃப் 1664-இல் உயிருள்ள நாயின் கணைய நாளத்தில் இறகுத் தண்டைச் செருகிச் சாற்றைச் சேகரித்தார். ஆனால் தம் ஆசிரியரின் ரசாயனக் கொள்கைக்கு இணங்க அது புளிப்பானது என்று தவறாக முடிவு கட்டினார். உண்மையில் அது காரத்தன்மை உடையது. 1846-இல் பாரிஸின் கிளாடு பெர்னார், முயலின் குடலில் பித்த நாளம் திறக்கும் இடத்திற்கு ஏறக்குறைய ஓர் அடி கீழே கணைய நாளம் திறப்பதையும், அதற்கு அப்பால்தான் அசெல்லியின் பால் நாளங்கள் வெண்மை பெறுவதையும் கவனித்து, கொழுப்பைச் செரிக்கச் செய்வது கணையச் சாறே என்பதை நிரூபித்தார். பாதுவாவிலிருந்து புறப்பட்ட கடிதத்திற்கு 200 ஆண்டுகள் கழித்து இவ்வாறு விடை வந்தது.

அந்த விடையும் முழுமையன்று. 1902-இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும், கணையத்தைச் சுரக்கத் தூண்டும் பொருள் ஒன்று எந்த நாளத்தின் வழியுமின்றி இரத்தத்திலேயே கலந்து வருகிறது என்று கண்டபோது, நம் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் நாளமில்லாச் சுரப்பிகளின் சாஸ்திரத்திற்கு வழி திறந்தது. 1921-இல் டொரொன்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் விர்சுங்கின் நாளத்தையே நாய்களில் நூலால் கட்டி அடைத்து, செரிமானச் சாற்றைச் சுரக்கும் பகுதி வாடிப்போகும்வரை வாரக்கணக்கில் காத்திருந்து, எஞ்சிய கணையத்திலிருந்து இன்சுலினுக்கு வழி கண்டார்கள். அந்த முறை விரைவில் கைவிடப்பட்டது. எனினும் முதல் அடியை எடுத்துவைக்க உதவியது அதுதான். எயுஸ்தாக்கிக்கும் பெக்கேக்கும் அகப்பட்டது ஒரே நாளம். ஒருவருடைய குறிப்பு உறங்கியதற்கும் மற்றவருடைய நூல் ஒரு சித்தாந்தத்தைக் கவிழ்த்ததற்கும் காரணம், அது எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து செல்லும் பொறுமை அன்றி வேறில்லை. அந்த நாற்பது ஆண்டுகளின் நாளங்களைக் கண்டவர்களுள் பலர் தம் பெயருக்காகப் போராடினார்கள். விர்சுங்கோ தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று எழுதி அனுப்பினார், அவர் கேட்ட கேள்விதான் இன்சுலின் வரை வந்து பயன் தந்தது.