மூளைத் தழும்பைக் காட்டிய காந்தம்



மின்சாரக் கம்பியின் மேல் உறை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கிழிந்தால் மின்சாரம் ஒழுங்காகப் போய்ச் சேராது. நம் நரம்புகளுக்கும் மயலின் என்னும் கொழுப்பு உறை உண்டு. மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்ற நோயில், உடலைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களே அந்த உறையைத் தாக்குகின்றன. ஒரு நாள் கண் மங்கும். சில வாரங்களில் தெளியும். பின்னொரு நாள் கால் மரத்துப் போகும்.

1868-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோ என்னும் மருத்துவர் இந்நோயை விளக்கிப் பெயரும் இட்டார். மூளையிலும் தண்டுவடத்திலும் ஆங்காங்கே தடித்த தழும்புகளைக் கண்டார். எப்போது கண்டார்? நோயாளி இறந்து, உடலை அறுத்துப் பார்த்த பின்புதான். உயிரோடு இருப்பவரின் தழும்பைக் காண நூறு ஆண்டுகளுக்கு மேல் வழியில்லை. இரண்டாவது தாக்குதல் வரட்டும் என்று மருத்துவர் காத்திருப்பார். அதுவரை, 'பாசாங்கு செய்கிறாள்' என்ற ஏச்சையும் நோயாளி பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

1971-இல் லண்டனில் முதல் சிடி ஸ்கேன் எடுக்கப்பட்டது. அக்கருவியைச் செய்தது இசைத்தட்டுகளை வெளியிட்ட அதே ஈஎம்ஐ நிறுவனம் என்பது ஒரு வேடிக்கை. ஆனால் எக்ஸ்ரே கதிருக்கு இத்தழும்புகளில் சிலவே அகப்பட்டன. 1981-இல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் இயான் யங் குழுவினர் 10 நோயாளிகளைக் காந்தக் கருவியால் படமெடுத்தனர். சிடி காட்டியவை 19 தழும்புகள். காந்தம் அவற்றோடு மேலும் 112 தழும்புகளைக் காட்டிற்று!

உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் பெரிய காந்தத்துக்குள் ஒழுங்காகத் திரும்புகின்றன. வானொலி அலையைச் செலுத்தினால் அதை வாங்கித் திருப்பி அனுப்புகின்றன. ஆம், உங்கள் வீட்டுப் பெட்டிக்கு வரும் அலையின் இனம்தான். தழும்பில் நீர் மிகுதி. ஆகவே படத்தில் வெள்ளையாகத் தெரியும்.

அதிலும் ஒரு சிக்கல். மூளையின் உள்ளறைகளில் தேங்கும் நீரும் வெள்ளை. அதன் ஓரத்துத் தழும்பு வெள்ளையோடு வெள்ளையாய் மறைந்தது. இந்நோய் அதிகம் விரும்பும் இடமோ அதுவே. 1992-இல் ஹாமர்ஸ்மித் குழுவினரே 'ஃபிளேர்' என்னும் முறையை வெளியிட்டனர். அதில் நீர் கறுத்துவிடும். தழும்பு வெளுத்தே நிற்கும்.

1993 முதல் தாக்குதலைக் குறைக்கும் மருந்துகள் வரத் தொடங்கின. முந்திக் கண்டுபிடித்தால் பலன் உண்டு என்றாயிற்று. 2001-இல் இயான் மெக்டொனால்ட் தலைமையிலான நிபுணர் குழு, இரண்டாவது தாக்குதலுக்குக் காத்திருக்க வேண்டாம், பின்னர் எடுக்கும் படத்தில் புதிய தழும்பு தெரிந்தாலே சான்றாகும் என்று வகுத்தது.

ஆனால் வெள்ளைப் புள்ளியெல்லாம் இந்நோய் அல்ல. இரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி, முதுமை ஆகியவற்றாலும் அவை தோன்றும். அதனால் புள்ளியின் நடுவே மெல்லிய சிரை ஒன்று ஓடுகிறதா என்று இப்போது தேடுகிறார்கள். இந்நோயின் தழும்புகள் பெரும்பாலும் சிரையைச் சுற்றியே உண்டாகின்றன.