குருளையும் கறிக்கோழியும்: தமிழகத்தில் வேட்டையறமும் இறைச்சித் தொழிலும்

கண்ணப்ப நாயனார் என்றதும் நினைவுக்கு வருவது அவர் கண்ணைப் பெயர்த்து அப்பிய நிகழ்ச்சி. அதற்கு வெகு முன்பே சேக்கிழார் ஒரு வேட்டையை விரித்துப் பாடுகிறார். கண்ணப்பர் திண்ணனாராக இருந்தபோது ஆடிய கன்னிவேட்டை அது. வலை கட்டி, நாய்களை ஏவி, காட்டைக் கலக்கி, பன்றியும் மானும் கரடியும் அடுத்தடுத்து விழும் அமளியின் நடுவே ஒரு பாட்டில் மட்டும் கவி சற்று நிற்கிறார். அந்த வேடர்கள் யானைக்கன்றுகளைத் தொடரவில்லை. சிறு குருளைகளைக் கொல்லவில்லை. சினைப்பட்டு நடை தளர்ந்த பிணைகளை அலைக்கழிக்கவில்லை என்கிறார். சோழர் அமைச்சராக இருந்த ஒரு சைவப் புலவர், 12ஆம் நூற்றாண்டில், கொலைத் தொழில் செய்வோருக்கும் தமக்கென ஓர் அறம் உண்டு என்று பதிந்து வைத்தது கவனிக்கத்தக்கது.

வேட்டை கொடிதா, பண்ணை இறைச்சி கொடிதா என்று இன்று நடக்கும் வாதங்கள் பெரும்பாலும் இரண்டு கொலைகளைத் தராசில் வைக்கின்றன. நான் தேடுவது வேறு. இறைச்சிக்காக ஓர் உயிர் போகும்போது அதற்குப் பொறுப்பாளி யார் என்ற கேள்விக்குத் தமிழ்நிலம் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடை சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு விடையும் பழியை யாரோ ஒருவர் தலையில் வைத்தது. கறிக்கோழித் தொழில் வளர்ந்த பிறகு, வைப்பதற்குத் தலையே கிடைக்கவில்லை என்பது என் வாதம்.

வட்டியில் மான்கறி

சங்கப் பாடல்களின் வேட்டுவன் காட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தவன் அல்லன். புறநானூற்றின் 33ஆம் பாடலில் வேட்டுவன் வட்டி நிறைய மான்தசையைக் கொண்டுவந்து உழவர் வீட்டில் கொட்டுகிறான். ஆயர் மகள் தயிர்ப்பானையோடு வருகிறாள். உழவர் வீட்டுப் பெண்கள் இருவருக்கும் நெல்லை முகந்து தருகிறார்கள். ஆகவே அக்காலத்து வேட்டை தன் வயிற்றுக்கு மட்டுமே, அதில் வாணிகம் கலக்கவில்லை என்று நினைப்பது தவறு. மாற்று இருந்தது. ஆனால் அதன் அளவு ஒரு வட்டி. கொன்றவன் கையிலிருந்தே வாங்கினார்கள். எந்தக் காடு, எந்த நாய் என்று கேட்டால் சொல்ல ஆள் எதிரே நின்றான்.

152ஆம் பாடல் வல்வில் ஓரியைப் பற்றியது. ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்தது என்று வன்பரணர் பாடுவது மிகைதான். வேட்டை முடிந்ததும் அவன் செய்தது அதைவிட முக்கியம். வந்திருந்த பாணர் கூட்டத்துக்கு மானின் கொழுத்த இறைச்சியையும் மதுவையும் கொடுத்து, பொன்னும் தந்து அனுப்பினான். வேட்டையின் பெருமை வீழ்த்துவதோடு முடியவில்லை, பகிர்வதில்தான் நிறைவுற்றது. ஓரி ஆண்ட கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. நாட்டின் முட்டைத் தலைநகரம் என்று பேர் பெற்ற அதே நாமக்கல்.

பழி, கறி வாங்குபவனுக்கும் உண்டா?

வேடனைக் குற்றம் சொல்வது எளிது. வள்ளுவர் அந்த எளிய வழியில் போகவில்லை. புலால் மறுத்தல் அதிகாரத்தின் 256ஆம் குறளில், தின்பதற்காக உலகம் கொல்லாதிருந்தால் விலைக்கு ஊன் தருபவரும் இருக்க மாட்டார் என்கிறார். பழி கத்தி பிடித்தவனைத் தாண்டி, காசு நீட்டுபவன் வரை நடந்து வருகிறது. தனக்கென்று கொல்லப்பட்டதாகப் பார்க்காத, கேட்காத, ஐயுறாத இறைச்சியைத் துறவி உண்ணலாம் என்ற பௌத்த விதியை மறுக்கும் வாதமாகவும் இக்குறளைப் படிக்கலாம். அதே சண்டையைச் சமணக் காப்பியமான நீலகேசி நேரடியாகவே போடுகிறது.

பௌத்தர் பக்கத்திலும் நடைமுறைக்கேற்ற ஒரு விடை இருந்தது. மணிமேகலையில் கப்பல் உடைந்து நாகர் தீவில் ஒதுங்கும் சாதுவன், கொலையை விடச் சொல்கிறான். அப்படியானால் நாங்கள் எதைத் தின்பது என்கிறான் நாகர் தலைவன். மூத்துத் தானாகச் செத்த விலங்கைத் தின்னுங்கள் என்பது சாதுவனின் விடை. ஊனை அடியோடு விட முடியாதவர்களிடம் எவ்வளவு கேட்கலாம் என்று அளந்து கேட்ட அறம் இது. இன்றைய விலங்கு நலவாதிகள் சிலரிடம் இந்தப் பொறுமை இல்லை.

1879: உரிமம் வைத்திருப்பவன் அறவோன்

பொறுப்பைப் பற்றிய பேச்சை அனுமதியைப் பற்றிய பேச்சாக மாற்றியது காலனிய ஆட்சி. அது நடந்த களம் நீலகிரி.

19ஆம் நூற்றாண்டின் பாதிக்குப் பிறகு தோட்ட முதலாளிகளும் அதிகாரிகளும் வெல்லிங்டன் படைவீரர்களும் மேட்டுப் புல்வெளிகளில் சுட்டுத் தள்ளியதில் வரையாடும் கடமானும் கண்கூடாகக் குறைந்தன. 1877இல் வேட்டைப் பிரியர்கள் கூடி நீலகிரி வேட்டைச் சங்கத்தை அமைத்தார்கள். இரண்டே ஆண்டில், 1879இல், நீலகிரி வேட்டைவிலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டெருமை, கடமான், வரையாடு, முயல், மயில், கவுதாரி, காடை, காட்டுக்கோழி வரை எல்லாம் அதன் பட்டியலில் ஏறின. தடைப்பருவம் அறிவிக்கலாம், அந்தக் காலத்தில் சுடுவதும் பிடிப்பதும் விற்பதும் குற்றம். பெட்டையைச் சுடாதே, முதுகில் வெள்ளை படர்ந்த கிழட்டுக் கிடாயை மட்டும் சுடு என்பது வரையாட்டு வேட்டையில் கனவான்களின் ஒழுங்கு.

சேக்கிழாரின் வேடர்கள் கடைப்பிடித்ததும் ஏறக்குறைய இதுதானே என்று தோன்றலாம். குட்டியை விடு, சினையை விடு என்ற வகையில் இரண்டும் ஒன்றுதான். வேறுபாடு யார் யாரைக் குற்றவாளி ஆக்கினார்கள் என்பதில் இருக்கிறது. தின்பதற்காகவோ சந்தையில் விற்பதற்காகவோ கண்ணி வைத்தவன், குழி தோண்டியவன், வலை கட்டியவன் எல்லாரும் இந்த ஒழுங்கில் இழிந்தவர்கள். தின்னத் தேவையே இல்லாமல், கொம்பைச் சுவரில் மாட்டச் சுட்டவன் உயர்ந்தவன். நீலகிரி வேட்டையைப் பற்றி 1995இல் எம்.எஸ்.எஸ். பாண்டியன் எழுதிய ஆய்வு, இந்த வேட்டை ஒழுங்கு ஆங்கிலேயனின் ஆண்மையையும் மேன்மையையும் நாட்டு வேட்டைக்காரனுக்கு எதிராகக் கட்டிக் காட்டிய விதத்தை விளக்குகிறது. பசி வேட்டைக்கு நியாயம் என்ற பழைய எண்ணம் தலைகீழாயிற்று.

இருந்தாலும் அந்தச் சங்கம் இல்லாமல் வரையாடு இன்று இருக்குமா என்பதும் நியாயமான கேள்விதான். பிற்காலத்தில் அச்சங்கத்தில் செயலாற்றிய இ.ஆர்.சி. தாவிதார் போன்றவர்கள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வரையாட்டைக் கணக்கெடுக்கப் போனார்கள். வேட்டைக்காரர்களின் தன்னலத்திலிருந்தே பாதுகாப்பும் முளைத்தது.

1972க்குப் பின்

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தபோதும் உரிமம் பெற்ற வேட்டைக்கு இடம் வைத்திருந்தது. 1991இல் செய்த திருத்தம்தான் அந்தக் கதவை மூடியது. அதன்பின் காட்டுயிரை யார் எதற்காகக் கொன்றாலும், தற்காப்பு போன்ற விலக்குகள் நீங்கலாக, குற்றம்.

இதன் சுமை முதலில் விழுந்தது நரிக்குறவர் மேல். வயலில் புகும் நரியையும் பன்றியையும் விரட்ட விவசாயிகளே அவர்களைக் கூப்பிட்ட காலம் உண்டு. கவுதாரிக்கும் காடைக்கும் கண்ணி வைப்பதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. நாட்டுத் துப்பாக்கி போனதும் பாசிமணியும் ஊசியும் முழுநேரப் பிழைப்பாயின. பழங்குடிப் பட்டியலில் அவர்களுக்கு இடம் கிடைத்ததே 2023இல்தான். கொன்றதைத் தின்று வாழ்ந்தவர்களின் வாழ்க்கை முறை குற்றமான இதே இருபது முப்பது ஆண்டுகளில், தமிழகம் அதுவரை காணாத அளவுக்கு இறைச்சி தின்னத் தொடங்கியது.

கொட்டகைக்குள்

உடுமலை, பல்லடம் பக்கம் 1990களில் பரவிய ஒப்பந்தப் பண்ணை முறை எளிமையானது. குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது. கொட்டகை, தண்ணீர், மின்சாரம், உழைப்பு விவசாயியுடையது. வளர்ந்த கோழியின் எடைக்கு இத்தனை என்று வளர்ப்புக்கூலி. கோழி அவருடையது அன்று. அதில் ஒன்றைப் பிடித்து வீட்டில் குழம்பு வைத்தாலும் கணக்கில் உதைக்கும்.

கிழக்கு மேற்காக நீண்ட கொட்டகை. தரையில் தென்னை நார்க்கழிவு. ஒரு நாள் வயதுக் குஞ்சுகள் பெட்டி பெட்டியாக வந்து விளக்குச் சூட்டில் நிற்கும். ஒரு கோழிக்கு ஏறக்குறைய ஒரு சதுர அடி. ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தொட வேண்டும். தினமும் காலையில் செத்ததைப் பொறுக்கி எண்ணி அட்டையில் எழுத வேண்டும். மார்ட்டாலிட்டி எத்தனை, ஒரு கிலோ எடைக்குத் தீவனம் எவ்வளவு என்று பார்க்க சூப்பர்வைசர் வருவார். லிஃப்டிங் இரவில் நடக்கும். இருட்டில் கோழி ஓடாது. ஒரு கைக்கு நாலைந்தாகக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக் கூடையில் திணித்து லாரியில் ஏற்றுவார்கள். விடிந்தால் கறிக்கடை. தராசில் நிறுத்து, கழுத்தை அறுத்து, பிளாஸ்டிக் டிரம்முக்குள் போடுவார் கடைக்காரர். டிரம்முக்குள் சிறகடிக்கும் சத்தம் கேட்கும். வாங்க வந்தவர் அந்த நேரத்தில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்தக் கோழி இயற்கையில் இல்லை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 1957ஆம் ஆண்டுக் கோழி வகையையும் 2005ஆம் ஆண்டு வகையையும் ஒரே தீவனத்தில் 56 நாள் வளர்த்துப் பார்த்தார்கள். பழையது 905 கிராம். புதியது 4,202 கிராம். அந்த உடலைக் கால்கள் தாங்குவதே சிரமம். இக்கோழிகளின் தாய்க்கோழிகளை வயிறு நிறையத் தின்ன விட்டால் கொழுத்துச் செத்துப்போகும் என்பதால் அளந்து போட்டுப் பசியோடு வைத்திருக்கிறார்கள்.

இனி சேக்கிழாரின் விதியை இங்கே பொருத்திப் பார்க்கலாம். கோழி முட்டையிடும் பருவத்தை எட்ட ஏறக்குறைய ஐந்து மாதம் ஆகும். ஆறு வாரத்தில் அறுக்கப்படும் கறிக்கோழி, பெரிய உடம்பில் இருக்கும் குஞ்சுதான். கொண்டை சரியாகச் சிவக்கவில்லை, குரல் இன்னும் கீச்சுக்குரல். திண்ணனாரின் வேடர்கள் இதைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

தேவையற்ற வலி

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், நகர இடமில்லாத கூண்டில் விலங்கை அடைப்பது குற்றம் என்கிறது. அதே பிரிவு, உணவுக்காகக் கொல்வதற்கு விலக்கும் அளிக்கிறது. தேவையற்ற வலி கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. தேவை எது என்பதைத் தொழிலே தீர்மானித்துக்கொண்டது. முட்டைக் கோழிக்குக் கூண்டில் கிடைப்பது ஏ4 தாளைவிடக் குறைவான இடம். இந்திய சட்ட ஆணையம் 2017இல் தன் 269ஆவது அறிக்கையில் இதை எடுத்துப் பேசி, தனி விதிகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது.

எது வனவிலங்கு, எது பண்ணை உயிர் என்ற கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்குக் காடையே சாட்சி. 2011இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், ஜப்பானியக் காடை வனவிலங்குச் சட்டத்தில் வருவதால் புதிய பண்ணைகளுக்கு அனுமதி கூடாது என்றது. பண்ணைக்காரர்கள் முறையிட்டார்கள், பிறகு அமைச்சகமே விலக்கு அளித்தது. அதே பறவை, அதே கூண்டு. ஒரு தாளில் காட்டுயிராக இருந்து, அடுத்த தாளில் கறியாயிற்று.

எடையில் வராத கணக்கு

வேட்டையை நான் பொன்னாக்கவில்லை. சுருக்குக் கம்பியில் மாட்டிய மான் விடிய விடிய இழுத்துச் சாகும். பன்றிக்கு வைக்கும் வெடியான அவுட்டுக்காயைக் கடித்துத் தாடை சிதறிய யானைகள் உணவெடுக்க முடியாமல் நாள்கணக்கில் தவித்துச் செத்திருக்கின்றன. ஆனாலும் வேட்டையில் விலங்கின் துன்பம் அதன் வாழ்வின் கடைசிப் பகுதி. கொட்டகையில் வாழ்வு முழுவதும். எண்ணிக்கையிலும் இடைவெளி உண்டு: ஒரு பெரிய கடமான் கிடாயின் கறி உத்தேசமாக 80 கறிக்கோழிக்குச் சமம். ஒரு சாவு, எண்பது சாவு.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு காட்டுக்குத் திரும்பவும் முடியாது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் மட்டும் சுமார் 12 கோடிக் கோழியினங்கள், நாட்டிலேயே முதலிடம். உலகில் பறவைகளின் மொத்த உயிர்நிறையில் ஏறக்குறைய 70 விழுக்காடு பண்ணைப் பறவைகள்தான் என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. ஏழு கோடிப் பேர் காடேறினால் ஒரு மாதத்தில் காடு காலியாகிவிடும். வேட்டையை மாற்று வழியாக முன்வைப்பது பயனற்றது. அளவுகோலாகத்தான் அது உதவும். அந்தக் கோலில் அளந்தால், கம்பெனி சந்தையைக் காட்டும், விவசாயி ஒப்பந்தத்தைக் காட்டுவார், கடைக்காரர் வாடிக்கையாளரைக் காட்டுவார், வாடிக்கையாளர் விலையைக் காட்டுவார். வள்ளுவர் பிடித்து நிறுத்திய ஆள் கடைசியில் இருப்பவர்.

2025 ஜனவரியில் காட்டுப்பன்றி பற்றித் தமிழக அரசு ஒரு முடிவை அறிவித்தது. காட்டை ஒட்டிய 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். அதற்கப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். சுட்ட பன்றி சட்டப்படி அரசின் சொத்து. நிலக்கடலையைப் பறிகொடுத்த விவசாயி அதில் ஒரு துண்டைக்கூட எடுக்க முடியாது. ஆனைமலை அடிவாரத்தில் கடலை போட்ட ஒருவருக்கே கோழிக் கொட்டகையும் இருக்கக்கூடும். அந்தக் கோழியையும் அவர் எடுக்க முடியாது. அது கம்பெனியின் சொத்து. ஞாயிற்றுக்கிழமை கறி வேண்டுமென்றால் அவரும் கடையில் போய் வரிசையில் நின்று, அன்றைய விலைக்குத்தான் வாங்க வேண்டும்.