சுங்கம் தவிர்த்த சோழன் மண்ணில் டீசல் வரி



எங்கள் அப்பா விக்கிரமங்கலத்தில் சொந்தமாக ஒரு குட்டியானை வைத்து ஓட்டுகிறார். நெல் மூட்டை, சிமெண்ட், கல்யாண வீட்டுச் சாமான் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவார். டீசல் போட்ட ரசீதுகளை எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறார். நான் பி.காம். சேர்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "இதுல கட்டுன வரி திரும்ப வருமாடா?" பதில் தேடப் போய் வரலாற்றில் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் அரியலூர் மாவட்டத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. அங்கிருந்து ஆண்ட முதலாம் குலோத்துங்கனுக்கு "சுங்கம் தவிர்த்த சோழன்" என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. சரக்குகள் மீதான சுங்கத்தை நீக்கியதால் வந்த பெயர். ஒரு வரியை எடுத்தால் ஒன்பது நூற்றாண்டு கழித்தும் மக்கள் நினைவு வைத்திருப்பார்கள் போலும்!

சரி, விஷயத்துக்கு வருவோம். 1938ல் மத்திய மாகாண அரசு பெட்ரோல் விற்பனைக்கு வரி போட்டது. இது கலால் வரி, மாகாணம் போடக்கூடாது என்றது தில்லி. வழக்கு ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனது. விற்பனை வரி மாகாணத்தின் உரிமையே என்று கோர்ட் கருத்துச் சொன்னது. அடுத்த வருடமே, 1939ல், ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு பெட்ரோல் விற்பனை வரியையும் பொது விற்பனை வரியையும் கொண்டுவந்தது. மதுவிலக்கால் குறைந்த வருமானத்தை ஈடுகட்ட வேறு வழி தேவைப்பட்டது.

பழைய விற்பனை வரியில் ஒரு குறை: வரிமேல் வரி ஏறும். அதைச் சரிசெய்யத்தான் வாட் வந்தது. வாங்கும்போது கட்டிய வரியை விற்கும்போது கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாம். பல மாநிலங்களில் 2005 ஏப்ரலிலேயே வந்துவிட்டாலும், தமிழ்நாட்டில் 2007 ஜனவரி 1 முதல்தான் அமல். ஆனால் பெட்ரோல், டீசலுக்கு இந்தக் கழிவு இல்லை. வியாபாரி வாங்கும் வண்டிக்கும், அதன் உதிரிபாகத்துக்கும்கூடக் கிடையாது, அவற்றையே விற்பவராக இருந்தால் ஒழிய. பிரிட்டனில் வாட் பதிவு செய்த சுயதொழில்காரர் தொழிலுக்குப் போட்ட எரிபொருளின் வரியைத் திரும்பப் பெறலாம். சொந்த உபயோகத்துக்கும் சேர்த்து வாங்கினால் அதற்கென ஒரு தொகை கட்ட வேண்டும்.

2017 ஜூலை 1ல் ஜி.எஸ்.டி. வந்தது. பதிவு செய்த வியாபாரி தொழிலுக்கு வாங்கும் சரக்கு வண்டிக்குக் கழிவு கிடைத்தது. ஆனால் பெட்ரோலும் டீசலும் வெளியே நின்றுவிட்டன. மத்திய அரசின் கலால், மாநில அரசின் வாட் இரண்டும் அவற்றின் மேல் தொடர்கின்றன. 2020 மே மாதம் தமிழ்நாடு டீசல் வாட்டை 11 சதவீதம், கூடவே லிட்டருக்கு 9.62 ரூபாய் என்று மாற்றியது.

அப்பாவின் நிலை என்ன? டிரான்ஸ்போர்ட் ஏஜென்சியாக இல்லாமல் வாடகைக்குச் சரக்கு ஏற்றுபவருக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. கேட்க நல்ல செய்திதான். ஆனால் வரி வசூலிக்காதவருக்குக் கழிவும் கிடையாது. நாங்கள் வண்டி வாங்கியபோது கட்டிய 28 சதவீதமும் போனது போனதுதான். (2025 செப்டம்பர் 22 முதல் அது 18 சதவீதம்.) வருமான வரியிலும், சிறிய சரக்கு வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் வருமானம் என்ற எளிய முறையில் காட்டினால், டீசல் செலவைத் தனியாகக் கழிக்க முடியாது.

"அப்போ டப்பாவைத் தூக்கிப் போட்டுறலாமா?" என்றார் அப்பா. வேண்டாம் என்றேன். வரி திரும்பி வராது என்றால் அது முழுக்கச் செலவு. செலவு என்றால் அது வாடகைக்குள் இருக்க வேண்டும். இரண்டு பேரும் உட்கார்ந்து ரசீதுகளைக் கூட்டிக் கிலோமீட்டர் கணக்குப் போட்டோம். சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் தூரத்துக்கு இத்தனை நாளும் அவர் வாடகையே கேட்டதில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

சுங்கம் தவிர்க்க இன்னொரு சோழன் வரப்போவதில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டப்பா இருந்தால், இன்றைக்கே எடுத்துக் கூட்டிப் பாருங்கள் நண்பர்களே.