நாயிப், நவாப்: ஒரு பதவிச் சொல்லின் பொருள் மாற்றம்

பதிலாளைக் குறித்த சொல்லே ஆள்பவரின் பட்டமாக உயர்ந்தமைக்கு ‘நவாப்’ தக்க சான்றாகும். ‘நாயிப்’ என்னும் அரபுச் சொல், பிறரது இடத்தில் நின்று செயலாற்றுபவர் எனப் பொருள்படும். அதன் பன்மையான ‘நுவ்வாப்’, இந்தியாவில் ஒருவரையே சுட்டும் ‘நவாப்’ ஆயிற்று. தமிழில் ‘அவர்’ என்னும் பலர்பாற்சொல் ஒருவர்க்கு உயர்வுப் பன்மையாக வருவது இதனுடன் ஒப்புநோக்கத்தக்கது. தமிழில் ‘நவாபுகள்’ என வழங்கியபோது பன்மையின்மேல் பன்மை ஏறிற்று.

தில்லி சுல்தானியத்தில் நாயிப் பதவி 1240இல் தோன்றியது. நசிருத்தீன் மகமூதின் நாயிபாக விளங்கிய பால்பன், 1266இல் தாமே சுல்தானானார். 1311இல் மதுரைவரை படை நடத்திய மாலிக் காபூரும் ‘மாலிக் நாயிப்’ எனப்பட்டவரே.

ஆர்க்காட்டு நவாபு, தக்காண சுபேதாரான நிசாமுக்குக் கீழ்ப்பட்டவர்; நிசாமோ முகலாயப் பேரரசரின் பதிலாள். பேரரசர் இரண்டாம் ஷா ஆலம் 1765இல் அளித்த ஆணை, நவாபு முகம்மது அலியை நிசாமின் மேலாண்மையிலிருந்து விடுவித்தது. 1801இல் கர்நாடக ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் சென்றது. அதிகாரமற்ற பட்டம் 1855வரை நீடித்தது.

வட மாநிலங்களில் ‘நாயிப் தாசில்தார்’ இன்றும் வட்டாட்சியருக்கு அடுத்த நிலை அலுவலரே. ஒருமை வடிவம் பணியில் நிலைக்க, பன்மை வடிவம் அரியணை ஏறிற்று. ஆதலின், ஆவணங்களில் ‘நவாபு’ எனக் காணுமிடத்துத் தன்னாட்சி மன்னர் என உடனே கொள்ளாது, அக்காலத்தில் அவர் யாருக்குப் பதிலாள் என வினவுதல் ஆய்வாளர் கடனாகும்.