சொந்த ரீடிங்

லேபில் ரீடிங் சரியாக வராவிட்டால் பக்கத்து பெஞ்ச் நோட்டைப் பார்த்து எழுதியவன் நான். (நண்பர்களே, நீங்களும்தானே!) அதனாலேயே கே.எஸ். கிருஷ்ணன் மீது எனக்குத் தனி மரியாதை.

1898-இல் வத்திராயிருப்பில் பிறந்தவர். 1928-இல் கல்கத்தாவில், பல திரவங்களில் சூரிய ஒளியைப் பாய்ச்சி, சிதறும் ஒளியைத் தம் கண்ணாலேயே பார்த்துக் குறித்தார். ராமன் விளைவு பற்றி ‘நேச்சர்’ இதழில் வந்த முதல் குறிப்பில் ராமனோடு இவர் பெயரும் உண்டு. 1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் வந்தது.

அப்போது இவர் டாக்காவில் வேறு வேலையில் மூழ்கியிருந்தார். படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டிக் காந்தப்புலத்தில் தொங்கவிட்டு, இழையை முறுக்கி, அதன் காந்தத்தன்மை திசைக்குத் திசை எவ்வளவு மாறுகிறது என்று அளந்தார். அந்த அளவைகள் பெயர் வாங்கித் தந்தன. 1940-இல் எஃப்.ஆர்.எஸ். ஆனார். பின்னர் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர்.

தம்பி தங்கைகளே, தப்பாக வந்தாலும் சொந்த ரீடிங்கையே எழுதுங்கள். ஏன் தப்பியது என்று தேடுவதில்தான் பிசிக்ஸ் இருக்கிறது. எனக்கு இது லேட்டாகத்தான் புரிந்தது!