பன்னிரண்டு மாதம் ஒரு வருடமாகாத நாட்கள்

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒருவர் ஒரு வீட்டை ஆங்கிலத்தில் ‘ட்வெல்வ் மந்த்ஸ்’ என்று பத்திரம் எழுதிக் குத்தகைக்கு எடுத்தால், அந்தக் குத்தகை 48 வாரத்தில் முடிந்துவிடும். பொதுச் சட்டத்தின் கணக்கில் மாதம் என்றால் 28 நாள். பன்னிரண்டு மாதம் 336 நாள். அதே பத்திரத்தில் ‘ட்வெல்வ்மந்த்’ என்று ஒருமையில் எழுதியிருந்தால் முழு வருடமும் அவருக்குக் கிடைக்கும். வார்த்தையின் கடைசியில் ஓர் எழுத்து கூடியதற்கு விலை 29 நாள். சட்ட அறிஞர் வில்லியம் பிளாக்ஸ்டோன் 1766-இல் வெளிவந்த தம் உரைநூலின் இரண்டாம் தொகுதியில் இதை நிலைபெற்ற விதியாகவே எழுதிவைத்தார். வணிகர்களின் உண்டியல் எனப்படும் கடன் சீட்டுகளில் மட்டும், அவர்களுடைய வழக்கத்தை மதித்து, மாதத்தை நாட்காட்டி மாதமாகவே கணக்கிட்டார்கள். ஆக, ஒரே கடைக்காரருக்குக் கடைக் குத்தகையில் ஒரு மாதம், கடன் சீட்டில் வேறொரு மாதம்.

தேதியையும் கெடுவையும் சொல்வதில் ஆங்கிலம் இயல்பிலேயே துல்லியமான மொழி என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அலுவலகக் கடிதத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் சந்தேகம் தீர்ந்தது என்று நிம்மதி கொள்கிறோம். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. அந்தத் துல்லியம் மொழியோடு பிறந்ததல்ல. வழக்காடித் தோற்றவர்களின் செலவில், நீதிமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் ஒவ்வொரு சொல்லாகக் கட்டப்பட்டது. ‘ஃப்ரம்’ என்ற சிறு சொல்லையே பாருங்கள். ‘இன்று முதல்’ என்றால் இன்றும் கணக்கில் சேருமா? சேராது என்றால் குத்தகை நாளைக்குத்தான் தொடங்கும். உடனே தொடங்கும் குத்தகையை மட்டுமே கொடுக்க அதிகாரம் உள்ளவர் எழுதிய பத்திரம் அதனாலேயே செல்லாமல் போகும். முன்பு வந்த தீர்ப்புகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. 1777-இல் மான்ஸ்ஃபீல்ட் பிரபு அந்தச் சொல் இரண்டு பொருளையும் தாங்கும் என்றும், இடம் பார்த்துப் பத்திரம் பிழைக்கும்படி பொருள் கொள்ள வேண்டும் என்றும் தீர்ப்பளித்தார். 1808-இல் வேறொரு வழக்கு. உயில் எழுதியவர் இறந்த பின் ஆறு நாட்காட்டி மாதத்துக்குள் உறுதிப்பத்திரம் கொடுத்தாக வேண்டும். அவர் இறந்தது ஜனவரி 12. பத்திரம் கொடுக்கப்பட்டது ஜூலை 12. இறந்த நாளையும் சேர்த்தால் கெடு முந்தின நாளே தீர்ந்துவிட்டது. சேர்க்காவிட்டால் பத்திரம் சரியான நாளில் வந்திருக்கிறது. சேர்க்க வேண்டாம் என்றார் நீதிபதி வில்லியம் கிராண்ட். ஒரு குடும்பத்தின் சொத்து அந்த ஒற்றை நாளில் தொங்கிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் வக்கீல்களின் சொல் விளையாட்டு, சாதாரண மக்கள் பேச்சில் சிக்கலே இருந்திருக்காது என்று ஒருவர் சொல்லலாம். பாதி உண்மைதான். பேசுகிற இருவரும் ஒரே ஊர், ஒரே பழக்கம் என்றால் ‘அடுத்த மாதம்’ போதும். ஆனால் கெடு என்பதை எழுதிவைப்பதே பழக்கம் ஒத்துவராத நாளுக்காகத்தான்: ஒருவர் இறந்த பிறகு, நட்பு முறிந்த பிறகு, தாள் அந்நியர் கைக்குப் போன பிறகு. இங்கிலாந்தில் வருடமே இப்படிப் பிளவுபட்டிருந்தது. சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. பக்கத்து ஸ்காட்லாந்தில் 1600 முதலே ஜனவரி 1. முதலாம் சார்லஸ் மன்னர் தலை வெட்டப்பட்ட ஜனவரி 30, அன்றைய இங்கிலாந்துக் கணக்கில் 1648. நம் கணக்கில் 1649. கவனமாக எழுதியவர்கள் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் தேதிகளுக்கு இரண்டு வருடத்தையும் கோடு போட்டுச் சேர்த்தே எழுதினார்கள். படிப்பவருக்குத் தன் பழக்கம் தெரிந்திருக்கும் என்று நம்பாத அந்த எச்சரிக்கையைத்தான் நான் தெளிவு என்கிறேன்.

அந்த எச்சரிக்கை உச்சத்தைத் தொட்டது நாட்காட்டியை மாற்றிய சட்டத்தில். 1751-ஆம் வருடம் டிசம்பரோடு முடிக்கப்பட்டு 282 நாளாகச் சுருங்கியது. 1752-இல் செப்டம்பர் 2, புதன்கிழமைக்கு மறுநாள் செப்டம்பர் 14, வியாழக்கிழமை. பதினொரு நாளைத் திருப்பிக் கேட்டு மக்கள் கலவரம் செய்தார்கள் என்று அடிக்கடி சொல்லப்படும் கதைக்கு வலுவான ஆதாரம் இல்லை. ஓவியர் ஹோகார்த் வரைந்த ஒரு தேர்தல் ஓவியத்தில் கிடக்கும் பதாகைதான் அதைப் பரப்பியது. கலவரக் கதையைவிட என்னை ஈர்ப்பது சட்டத்தின் உள்ளே இருக்கும் ஒரு பிரிவு. வாடகை, கடன், சரக்கு ஒப்படைப்பு, தொழில் பழகுபவரின் ஒப்பந்தக் காலம், ஒருவருக்கு 21 வயது நிறைவது ஆகிய எதுவும் பதினொரு நாள் முந்தக் கூடாது. உண்மையில் கழியும் நாட்களை எண்ணியே தவணை வரும் என்று அது எழுதிவைத்தது. மார்ச் 25-உடன் பதினொரு நாளைக் கூட்டினால் ஏப்ரல் 5. பிரிட்டனின் வருமானவரி ஆண்டு இன்றும் அந்த நாளில்தான் முடிகிறது.

28 நாள் மாதம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. நாடாளுமன்றச் சட்டங்களில் மாதம் என்றால் நாட்காட்டி மாதம் என்று 1850-இல் வரையறுத்தார்கள். ஒப்பந்தங்களுக்கும் உயில்களுக்கும் 1925-ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டம் வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. இந்தியாவில் அரசு இயற்றும் சட்டங்களுக்கு 1897-ஆம் ஆண்டுப் பொது விதிகள் சட்டம் இதைச் செய்தது. ‘ஃப்ரம்’ என்று எழுதினாலே முதல் நாள் கணக்கில் சேராது என்றும், கெடுவின் கடைசி நாளில் நீதிமன்றமோ அலுவலகமோ மூடியிருந்தால் அடுத்துத் திறக்கும் நாளில் செய்தாலும் செல்லும் என்றும் அது சொல்கிறது. மாதம் என்பது பிரிட்டிஷ் நாட்காட்டி மாதம் என்ற வரையறையும் அதில் உண்டு. மார்கழி 29 நாளிலும் ஆனி சில வருடம் 32 நாளிலும் முடிகிற நாட்டில் அதைச் சொல்லாமல் விட்டிருக்க முடியாது.