தாய்மடியும் சிற்றிலும்

கிளியூர் அருவியைக் காண ஏற்காடு செல்வோர், வழியில் காப்பித் தோட்டங்களைக் காண்பர். 1820ஆம் ஆண்டையொட்டிச் சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் கொணர்ந்த பயிர் அது. பழம் பறிக்கச் செல்லும் தாய் தன் மழலையை எங்கே விடுவாள்?

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களேனும் பணிபுரியும் தோட்டங்களில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் அமைக்கப் பணித்தது. அதே ஆண்டில், தாயின், அன்றேல் தாய்நிகர் ஒருவரின், இடையறா அன்பு குழந்தையின் மனநலத்திற்கு இன்றியமையாதது என ஜான் பௌல்பி உலக சுகாதார நிறுவனத்திற்கு எழுதினார். தாய் அருகிருக்கத் துணிந்து விளையாடும் குழந்தை, அவள் அகன்றதும் ஆட்டம் மறப்பதைப் பின்னர் அமெரிக்காவில் மேரி ஐன்ஸ்வொர்த் கண்டார்.

இஸ்லாமியப் புலவரும் பாடிய பிள்ளைத்தமிழில் தாலும் முத்தமும் முன்வர, சிற்றிலும் சிறுதேரும் பின்வருகின்றன அல்லவா? காப்பகத்திற்குப் பாலும் பாயும் மட்டும் போதா; நாள்தோறும் மாறாத ஓர் அன்பு முகமும் வேண்டும்.